எந்திரம் எழுதலாம், எண்ண வேண்டியவர் நாமே!

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், கட்டுரையோ கணக்கோ கேட்ட நொடியில் கைக்கு வருகிறது. இது நமக்கு வரமா, சாபமா?

செயற்கை நுண்ணறிவு, தனக்கு ஊட்டப்பட்ட எழுத்துகளைக் கொண்டு, எந்தச் சொல்லுக்குப்பின் எது வரும் என்று கணித்தே விடை சொல்கிறது. ஆகவே தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்லிவிடும். அதிலும் நம் கரிசல் பேச்சு ஏட்டில் ஏறியது கொஞ்சமே. இடைசெவல் கி. ராஜநாராயணன் மக்களிடமிருந்து சொற்களைத் திரட்டியதால் அல்லவா 1982-ல் கரிசல் வட்டாரச் சொல்லகராதி நமக்குக் கிடைத்தது!

எனவே புரியாத பாடத்தை எந்திரத்திடம் கேட்போம்; விடையைப் பாடநூலோடு ஒப்பிட்டு, ஆசிரியரிடம் தெளிவோம். நம் முகவரியையும் படங்களையும் அதற்குக் கொடாதிருப்போம். அது எழுதியதை நம் எழுத்தென்று கொடுப்பது திருட்டே. வகுப்பறையில் இதற்கு 13 வயது வரம்பு வேண்டும் என்று யுனெஸ்கோ 2023-ல் கூறியது. கீழ்வகுப்புத் தங்கையர் பொறுத்திருக்கலாம்.

நம்மில் பலரின் அன்னையர் தீப்பெட்டி ஆலையில் விரல் தேய உழைப்பது, நாம் சிந்திக்கக் கற்பதற்காகவே. அந்தச் சிந்தனையை எந்திரத்திடம் அடகு வைக்கலாமா? தேர்வுக் கூடத்துக்கு அது துணை வராது. வாழ்விலும் முடிவெடுக்க வேண்டியவர் நாமே.