கூழைப் பாடியவருக்குப் பெயருண்டு

பிரான்சில் றோன், சோன் என்னும் இரண்டு பேராறுகள் கூடுமிடத்தில் லியோன் நகரம் இருக்கின்றது. அந்நாட்டின் சமையல் தலைநகரம் என்று அதனைச் சொல்வார்கள். எங்கள் மானிப்பாய்ப் பக்கத்தில் ஓடுவதோ மாரியில் மட்டும் நீர் காணும் வழுக்கையாறு. ஆற்றை வைத்து இரண்டையும் ஒப்பிட முடியாது. அடுப்பை வைத்து ஒப்பிடலாம் என்பதே என் கட்சி.

லியோனின் பெருமை அரண்மனை விருந்தால் வந்ததன்று. பட்டு நெசவாளர் முதலிய உழைப்பாளிகள் உண்ட குடலும் ஈரலும் அங்குள்ள சிற்றுணவகங்களில் இன்றும் மதிப்போடு பரிமாறப்படுகின்றன. செல்வர் வீடுகளில் சமையல் வேலை செய்த பெண்கள் பின்னர் சொந்தமாக உணவகம் திறந்தார்கள். ஊர் அவர்களை 'அம்மா' என்ற அடைமொழியோடு அழைத்தது. அவர்களுள் ஒருவரான எஜெனி பிரேசியே பண்ணை வீட்டுப் பிள்ளை. 1933இல் அவருடைய இரண்டு உணவகங்களும் மிஷெலின் கையேட்டின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றன. உலகப் புகழ்பெற்ற போல் பொக்கூஸ் அவரிடம் தொழில் பழகியவர்.

நம்மிடம் ஒடியற்கூழ் உண்டு. பனங்கிழங்கைப் பிளந்து, காயவைத்து, இடித்த மா. நண்டு, இறால், மீன். பயிற்றங்காய், பிலாக்கொட்டை, மரவள்ளி. புளியும் செத்தல் மிளகாயும். ஒரு பானையைச் சுற்றி வீடே கூடியிருந்து, பிலாவிலையை மடித்துக் குடிப்பது. இதுவும் இல்லாதவர்களின் உணவாக இருந்ததுதான். ஆனால் நாம் அதனை விருந்தாளிக்குக் காட்டக் கூசினோம்.

அயலூரான நவாலியில் வாழ்ந்த சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிக்கூழைப் பாடினார். அந்தப் பாட்டால் ஆடிப்பிறப்பும் அவர் பெயரும் நிலைத்தன. அது நியாயமே. ஆனால், அந்தக் கூழைக் காய்ச்சிய கைகளுக்கு எங்கே பெயர்?

வீட்டுச் சமையலுக்குப் பெயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெயரில்லாத அறிவு சொல்லாமலே போய்விடும் என்பதுதான் என் பதில். 2010இல் யுனெஸ்கோ பிரெஞ்சுக்காரரின் விருந்து மரபைப் பண்பாட்டுச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. அந்த மரபு அதற்கு முன்பே எழுத்தில் இருந்தது. நமது மரபு ஆச்சிமாரின் கைப்பக்குவத்தில் மட்டும் இருந்தது. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்ட பனைகளுக்குப் பதிலாகக் கன்றுகள் நடலாம். போன கைப்பக்குவத்தை எங்கே நடுவது?

பிறரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஊரெல்லாம் பேட்டி எடுத்த நான், ஒடியல் மாவின் கயர்ப்புப் போக எத்தனை தரம் தண்ணீர் மாற்றவேண்டும் என்று என் அம்மம்மாவிடம் ஒருநாளும் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

கனடாவிலோ பாரிசிலோ இருந்து இதனை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமோ மாமியிடமோ ஒரேயொரு கறியின் அளவையும் பக்குவத்தையும் கேட்டு எழுதுங்கள். மேலே அவர் பெயரையும் ஊரையும் மறவாமல் எழுதுங்கள்.