பித்தப்பையில் கல் இருந்தா மட்டனுக்கு குட்பை சொல்லணுமா?

போச்சம்பள்ளி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து ஊத்தங்கரை பஸ் ஏறுகிறவர்களின் சாப்பாட்டு நேரம் நமக்குத் தெரிந்ததுதான். காலையில் டீ, பன். மதியம் ஏதோ கொஞ்சம். ராத்திரி 10 மணிக்கு மேல் பரோட்டா, சால்னா, சில்லி சிக்கன். நடுராத்திரியில் வலது மேல்வயிறு இழுத்துப் பிடித்தால், "கேஸ்தான்" என்று ஒரு சோடா.

ஸ்கேனில் பித்தப்பைக் கல் என்று தெரிந்ததும் வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: "இனி கறியே தொடாதே." இந்தத் தீர்ப்பு பாதிதான் சரி.

வலி ஏன் வருது?

கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேமிக்கும் சின்னப் பைதான் பித்தப்பை. சாப்பாட்டில் உள்ள கொழுப்பு சிறுகுடலுக்குள் போனதும், ஒரு ஹார்மோன் சுரந்து இந்தப் பையைச் சுருங்க வைக்கும். அப்போது கல் வாசலில் சிக்கினால் வலி. ஆக, வலியைத் தூண்டுவது கொழுப்பு. அது மட்டனில் இருந்து வந்ததா, பஜ்ஜியில் இருந்து வந்ததா என்று பித்தப்பை பார்ப்பதில்லை.

தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் கொழுப்பு சுமார் 3 கிராம்தான். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சுமார் 14 கிராம்!

எப்படிச் சாப்பிடலாம்?

* கோழி என்றால் தோல் வேண்டாம். மட்டன் என்றால், "கொழுப்பு எடுத்துட்டு தொடைக்கறியா போடுங்க" என்று கடையிலேயே சொல்லுங்க.
* பொரித்ததை விட்டு, குழம்பாக வையுங்க. மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துடுங்க. மீனுக்கும் இதே கதைதான்.
* ஒரு வேளைக்கு நாலைந்து சின்னத் துண்டு போதும். ராத்திரியைவிட மதியம் நல்லது.
* சாப்பாட்டைத் தவிர்க்காதீங்க. நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் பித்தநீர் பையிலேயே தேங்கும். வேகமாக எடை குறைத்தாலும் கல் உருவாகும் வாய்ப்பு கூடும்.

டயட்டில் கல் கரையுமா?

கரையாது. கொழுப்பைக் குறைத்தால் வலி வருவது குறையலாம்; கல் அங்கேயேதான் இருக்கும். எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் குடித்துக் கல்லை வெளியேற்றலாம் என்ற வாட்ஸ்அப் வைத்தியத்தை நம்ப வேண்டாம். கல்லால் எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்குச் சிகிச்சையே தேவைப்படாது. வலி திரும்பத் திரும்ப வந்தால் லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுப்பதே வழக்கமான தீர்வு. அதற்குப் பிறகு பெரும்பாலானோர் வழக்கம்போல் சாப்பிடலாம்.

குளிர் காய்ச்சல், கண் மஞ்சளாவது, சில மணி நேரமாகியும் விடாத வலி, நிற்காத வாந்தி: இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீங்க. கல் பித்தநாளத்தை அடைத்தால் கணையம்கூட வீங்கலாம்; உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஆலை நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. கேண்டீனில் பொரித்த சிக்கனுக்குப் பக்கத்தில் எண்ணெய் குறைந்த ஒரு கோழிக் குழம்பையும் வைக்கலாம். ஷிஃப்ட் நடுவில் சாப்பிட நேரமும் கொடுக்கலாம். தட்டில் என்ன இருக்கு என்பது தொழிலாளியின் பொறுப்பு மட்டும் இல்லையே!