கிண்டி ரேஸ் கோர்ஸும் எங்கள் பாலாறும்

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் இதுவரை குதிரை மேல் ஒரு ரூபாய் கூடக் கட்டியதில்லை. கட்டும் எண்ணமும் இல்லை.

அப்புறம் ஆம்பூர்க்காரனுக்குக் குதிரைப் பந்தயத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் ஒரு மாமா இருந்தார். தோல் ஷாப்பில் வேலை. ரேஸ் நாள் வந்தால் விடியற்காலையிலேயே ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து மெட்ராஸ் போய்விடுவார். ராத்திரி திரும்பி வரும்போது கையில் பிரியாணிப் பொட்டலம் இருந்தால் அவர் கட்டிய குதிரை ஜெயித்தது என்று அர்த்தம். தலையைக் குனிந்துகொண்டு சந்து வழியாக வீட்டுக்குள் நுழைந்தால் தோற்றது என்று அர்த்தம். பொட்டலம் வந்த நாட்கள் ரொம்பக் குறைவு. ஒரு தீபாவளி போனஸ் முழுக்க அப்படிப் போனது எங்கள் தெருவுக்கே தெரியும்.

அதனால் சின்ன வயதிலிருந்தே கிண்டி ரேஸ் கோர்ஸ் என்றால் எனக்கு ஒரு ஆர்வம், கொஞ்சம் கோபம். படிப்புக்காகச் சென்னைப் பக்கம் போக ஆரம்பித்த பிறகு அதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததையும், அதில் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

எப்படிப் போவது?

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் சென்ட்ரலில் இறங்கி எதிரே உள்ள பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் போகும் மின்சார ரயிலைப் பிடித்தால் கிண்டி. மெட்ரோ என்றால் சென்ட்ரலில் விமான நிலையம் போகும் நீல வழித்தடத்தில் ஏறி, சின்னமலை அல்லது கிண்டியில் இறங்கலாம். குத்தகை வழக்கு ஓடிக்கொண்டிருக்கும் இடம் என்பதால், உள்ளே போக நினைப்பவர்கள் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. வெளியே நடந்தாலே பார்க்க விஷயம் இருக்கிறது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்று ஒரு சாலை. வேளச்சேரிப் பக்கம் ஃபைவ் ஃபர்லாங் ரோடு என்று இன்னொன்று. பர்லாங் என்பது 220 கஜம், கிட்டத்தட்ட 201 மீட்டர். ஐந்து பர்லாங் என்றால் ஒரு கிலோமீட்டரை விடத் துளி அதிகம். பந்தய தூரத்தைப் பர்லாங்கில் அளந்த காலம் ஒரு தெருப்பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தெருவில் குடியிருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை :)

கிண்டியில் பந்தயம் தொடங்கிய ஆண்டாகச் சொல்லப்படுவது 1777. ஹைதர் அலி உயிரோடு இருந்த காலம்! இந்தியாவின் மிகப் பழைய பந்தயத் திடல்களில் இது ஒன்று. இன்றைய மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் அமைந்தது. குளிர்காலத்தில் கிண்டி, வெயில் காலத்தில் ஊட்டி. குதிரைகளும் துரைமார்கள் போலவே கோடையில் மலையேறின. ஊட்டித் திடலை 2024 ஜூனில் அரசு எடுத்துக்கொண்டது.

பந்தயம் எப்படி நடக்கிறது?

சினிமாவில் பார்த்தால் வேகமாக ஓடும் குதிரை ஜெயிக்கும், அவ்வளவுதான். உண்மையில் கணக்கு நிறைய. பெரும்பாலான பந்தயங்களில் நன்றாக ஓடிப் பழகிய குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. ஜாக்கியையும் சேணத்தையும் சேர்த்து எடை போட்டு, குறைந்தால் ஈயத் துண்டு வைத்து நிரப்புவார்கள். எல்லாக் குதிரைக்கும் ஏறக்குறைய சம வாய்ப்பு இருந்தால்தானே பணம் கட்ட ஆள் வரும்!

பணம் கட்டும் வழிகளில் முக்கியமானது டோட். எல்லோரும் கட்டிய பணம் ஒரே குவியலாகச் சேரும். அதில் கிளப்பின் பங்கும் வரியும் போக, மீதியை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். அதாவது நீங்கள் பந்தயம் கட்டுவது கிளப்போடு இல்லை, பக்கத்தில் நிற்கிற இன்னொரு மாமாவோடு. 2023 அக்டோபரிலிருந்து கட்டுகிற முழுத் தொகை மேல் 28 சதவீதம் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம். எந்தக் குதிரை ஜெயித்தாலும் வரி ஜெயிக்கும்.

"இதில் நம் ஊர்த் தோல் எங்கே இருக்கிறது?" என்று நானும் ஆசையாகத் தேடினேன். சேணம், கடிவாளம் என்றால் கான்பூர்தான். நம் பக்கத்தில் பிரதானம் ஷூவும் அதற்கு மேல்தோலும். எனவே தோல் வழியாகச் சம்பந்தம் பெரிதாக இல்லை. வேறு ஒரு வழியாக இருக்கிறது. அதற்குத்தான் வருகிறேன்.

ஒரே வருஷம், இரண்டு தீர்ப்பு

1974-ல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டத்தில் சேர்த்துச் சட்டம் திருத்தியது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு ரேஸ் கிளப்பையே அரசுடைமை ஆக்கச் சட்டம் போட்டது. இரண்டையும் எதிர்த்து வழக்கு. வழக்கு நடந்த காலத்தில் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுகளால் பந்தயம் தொடர்ந்தது. 1996 ஜனவரி 12-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்ட விளையாட்டு இல்லை, திறமை விளையாட்டு; அதனால் சூதாட்டம் ஆகாது. 1986 சட்டமும் செல்லாது. கிளப் கிளப்பிடமே போனது. பின்னாளில் ஆன்லைன் ரம்மிக்காரர்கள் வரை எல்லோரும் தூக்கிக்காட்டியது இந்தத் தீர்ப்பைத்தான். (திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டும் ஆன்லைன் விளையாட்டு எதுவும் கூடாது என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டது தனிக்கதை.)

அதே 1996-ல், ஆகஸ்ட் 28-ல், அதே உச்ச நீதிமன்றம் நம்மைப் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னது. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கு. தோல் ஆலைக் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுப்போனது என்ற ஆய்வு அதில் பதிவாகி இருக்கிறது. மாசுபடுத்தியவனே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதிதான் என்று நீதிமன்றம் சொன்னது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு. ஆச்சரியம் என்னவென்றால், இந்த இரண்டு அமர்வுகளிலும் ஒரே நீதிபதி இருந்தார், குல்தீப் சிங்.

ரேஸ் கிளப் தீர்ப்பு உடனே வேலை செய்தது. குதிரைகள் ஓடின. வேலூர்த் தீர்ப்பு? அதன்படி அமைந்த ஆணையம் 2001-ல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று முடிவு செய்தது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்கும் குறைவு. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே விஷயத்தில், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுங்கள், அதை மாசு செய்தவர்களிடம் வசூலியுங்கள் என்று உத்தரவு போட வேண்டி இருந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து!

614 ரூபாய்

மறுபடி கிண்டிக்கு வருவோம். ரேஸ் கோர்ஸ் நிலம் அரசு நிலம், 160 ஏக்கர் 86 சென்ட். 1945-லிருந்து 99 வருஷக் குத்தகை. வாடகை வருஷத்துக்கு 614 ரூபாய் 13 அணா. ஏக்கருக்கு வருஷத்துக்கு நாலு ரூபாய் கூட வராது. சென்னையில் இன்று அந்தக் காசுக்கு ஒரு டீ கிடையாது. வாடகையை உயர்த்திக் கேட்டு, 1970 முதல் 2004 வரை பாக்கி என்று அரசு போட்ட கணக்கு 730.86 கோடி. கட்டத்தான் வேண்டும் என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து வாசலுக்கு சீல் வைத்தது. அடுத்த மாதமே அதில் 118 ஏக்கரில் பூங்கா என்று அறிவித்தது. வெள்ள நீர் தேங்கக் குளங்களும் தோண்டப்பட்டன.

இங்கேதான் நண்பர்கள் வட்டத்தில் எனக்கும் மற்றவர்களுக்கும் சண்டை. ஒரு கட்சி, "சூதாட்டக் கூடம், ஒழிந்தது சனி" என்கிறது. இன்னொரு கட்சி, "247 வருஷப் பாரம்பரியத்தை இப்படி ஒரே நாளில் சீல் வைக்கலாமா?" என்கிறது. இரண்டு பேரும் கடிவாளம் போட்ட குதிரை மாதிரி ஒரே திசையில் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சூதாட்டம்தான் பிரச்சினை என்றால் அதே அரசுகள் 28, 40 என்று வரி வாங்கக் கூடாது. பாரம்பரியம்தான் பிரச்சினை என்றால், அந்தப் பாரம்பரியத்துக்கு ஏக்கருக்கு நாலு ரூபாய் வாடகை எதற்கு? மெம்பர்களுக்குத் தனி இடம் ஒதுக்கிய, நடுவில் கோல்ஃப் மைதானமும் இருந்த இடத்தைப் பொது நிலத்தில் வைத்துக்கொண்டு, பொதுப் பாரம்பரியம் என்று பேசுவது எனக்கு ஒட்டவில்லை.

உண்மையான கேள்வி வேறு. பொது நிலத்தையும் பொது நீரையும் மலிவாக எடுத்துக்கொண்டவர் யார், கணக்கு தீர்க்கும்போது பில் யார் கைக்குப் போகிறது? எங்கள் ஊரில் பில் விவசாயி கைக்குப் போனது. கிணற்றில் உப்பு ஏறிய பிறகு நிலத்தை விட்டுவிட்டு, அதே நிலத்துக்காரர் வீட்டுப் பெண்கள் ஷூ கம்பெனி பஸ் ஏறினார்கள். கிண்டியில் சீல் வைத்தபோது பயப்பட வேண்டியவர் கிளப் மெம்பர் இல்லை. அவருக்கு இன்னும் நாலு கிளப் இருக்கும். பயப்பட வேண்டியவர் லாயத்தில் குதிரை தேய்க்கிறவர், லாடம் அடிக்கிறவர், விடிகாலையில் குதிரைக்குப் பயிற்சி கொடுக்கிறவர். குதிரையைத் தவிர வேறு தொழில் தெரியாதவர்கள்.

இதைச் சரியாகச் செய்ய முடியாதா? சிங்கப்பூரில் 1842-ல் தொடங்கிய டர்ஃப் கிளப் இருந்தது. அங்கேயும் நிலம் வேண்டும் என்றுதான் அரசு மூடச் சொன்னது. 2023 ஜூனில் அறிவித்தார்கள். கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ல். நிலத்தை ஒப்படைக்க 2027 வரை அவகாசம். இடையில் குதிரைகளுக்கு வேறு இடம் பார்க்கவும் ஊழியர்கள் வேறு வேலை தேடவும் காலம் கிடைத்தது. லிட்டில் இந்தியாவில் நம் ஆட்கள் வாழை இலை போட்டுச் சாப்பிடும் ரேஸ் கோர்ஸ் ரோடு கூட, 1933 வரை அங்கே இருந்த பழைய திடலின் நினைவுதான். நம் கோயம்புத்தூரிலும் குதிரை இல்லாத ரேஸ் கோர்ஸில் ஊரே காலை நடை போகிறது. குதிரை போனால் ஊர் கெட்டுவிடாது. போகிற விதம்தான் முக்கியம்.

இங்கிலாந்தில் டெர்பி ஓடும் எப்சம் டவுன்ஸ் இன்னொரு உதாரணம். அந்த வெளியில் நடந்துபோகப் பொதுமக்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அதே வெளியில்தான் பந்தயமும் நடக்கிறது. இரண்டும் ஒன்றாக முடியும்.

என்னைக் கேட்டால், கிண்டி நிலம் பொதுவாகவே இருக்கட்டும். அதில் கட்டடம் எதுவும் எழும்பக் கூடாது. 2023 டிசம்பர் புயல் மழையில் ஃபைவ் ஃபர்லாங் ரோட்டில் கட்டுமானப் பள்ளம் சரிந்து இரண்டு பேர் உள்ளே சிக்கி இறந்தார்கள். வேளச்சேரிக்கு அந்தத் திடல் தண்ணீரை உறிஞ்சும் மண். அதை விட்டால் வேறு மண் இல்லை. பந்தயம் வேண்டும் என்கிறவர்கள் இன்றைய வாடகை கொடுத்து, இடம் இருந்தால் நடத்திக்கொள்ளட்டும். பாக்கியைக் கிளப்பிடம் வாங்கினால், அதில் முதல் பங்கு லாயத்து ஊழியர்களின் மறுவாழ்வுக்குப் போகட்டும். வாசலில் 1777 என்று எழுதிய ஒரு நல்ல தமிழ்ப் பலகை வைக்கட்டும்.

இன்னொன்று. 730 கோடி பாக்கிக்காகக் கிண்டியில் காலையில் சீல் வைக்கத் தெரிந்த கைக்கு, இழப்பீட்டுப் பாக்கிக்காக வேலூர்ப் பக்கம் வரும் வழி தெரியாமலா போயிருக்கும்?

அந்த மாமா இப்போது இல்லை. ரேஸில் தோற்றதற்கு அவர் யாரையும் குறை சொன்னதில்லை. "நானாத்தானே போய்க் கட்டினேன்" என்பார். அது சரிதான். ஆனால் பாலாற்றங்கரை விவசாயி எந்தக் குதிரை மேலும் கட்டவில்லையே. அவர் ஏன் தோற்க வேண்டும்?

உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள்.