வளர்ந்தோருக்கான ஆட்டிசம் மதிப்பீடு: எதை எதிர்பார்ப்பது, எதைக் கேட்டுப் பெறுவது

இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில் அண்மைக்காலமாக ஒரு காட்சி பழகிப்போயிருக்கிறது. இரவு ஒரு மணிக்கு ஓர் ஆய்வு மாணவர் கைப்பேசியில் ஐம்பது கேள்விகள் கொண்ட வினாநிரல் ஒன்றை நிரப்புகிறார். மதிப்பெண் 36 என்று வருகிறது. 32-க்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. பள்ளிக்காலத்திலிருந்து விளங்காமல் கிடந்த பலவற்றுக்கு ஒரே இரவில் ஒரு பெயர் கிடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. ஆனால் மறுநாள் யாரிடம் போவது, போனால் அந்த அறையில் என்ன கேட்பார்கள், கேட்டு முடித்தபின் கையில் என்ன தருவார்கள் என்று சொல்லக்கூடியவர் அவரைச் சுற்றி எவரும் இல்லை.

அந்த ஐம்பது கேள்விகள் 2001-இல் சைமன் பாரன்-கோஹனும் அவருடைய கேம்பிரிட்ஜ் குழுவினரும் வெளியிட்டவை. எண்பது கேள்விகள் கொண்ட ராட்ஸ்-ஆர் என்பதும், இயல்பை மறைத்துக்கொள்ளும் பழக்கத்தை அளக்கும் இருபத்தைந்து கேள்விகள் கொண்ட கேட்-கியூ என்பதும் பின்னர் வந்தன. இவை முதல்நிலைச் சோதனைகள் மட்டுமே. மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க இவை உதவும், நோயறிதலைத் தரா. சமூகப் பதற்றம் மிகுந்தவருக்கும், நெடுநாள் மனச்சோர்வில் இருப்பவருக்கும்கூட இவற்றில் உயர்ந்த மதிப்பெண் வரலாம். அதே வேளையில், கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவரை ஒதுக்கும் மருத்துவரின் போக்கும் ஏற்கத்தக்கதன்று. தன்னைப் பற்றித் தானே படித்து ஐயுற்று வருபவரே வயதுவந்தோரிடையே பெரும்பான்மை. குழந்தையைப் பெற்றோர் அழைத்து வருகிறார்கள். வளர்ந்தவரை அழைத்து வர யாரும் இல்லை.

யாரிடம் போவது என்பதே முதல் சிக்கல். இந்தியாவில் ஆட்டிசம் பற்றிய தேர்ச்சி பெரும்பாலும் குழந்தை மருத்துவத்திலும் குழந்தை மனநல மருத்துவத்திலும் குவிந்திருக்கிறது. வயதுவந்தோர் மனநலப் பிரிவில் உள்ள பலர் தங்கள் பயிற்சிக்காலத்தில் பேசத் தெரிந்த, பட்டம் பெற்ற, ஆட்டிசம் உள்ள ஒரு வயதுவந்தவரைச் சந்தித்தே இருக்கமாட்டார்கள். மனநல மருத்துவரோ, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரோ மட்டுமே இம்மதிப்பீட்டைச் செய்யத் தக்கவர். பல்கலைக்கழக ஆற்றுப்படுத்துநர் பரிந்துரைக் கடிதம் எழுதலாம், அவ்வளவே. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களில் கட்டணம் குறைவு, காத்திருப்பு அதிகம். தனியார் நிலையங்களில் நிலைமை தலைகீழ். எங்கு போனாலும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டியவை உண்டு: வயதுவந்தோரை மதிப்பிட்ட அனுபவம் இருக்கிறதா, எத்தனை அமர்வுகள், மொத்தச் செலவு எவ்வளவு, பெற்றோர் வர வேண்டுமா, எழுத்து வடிவில் அறிக்கை தருவார்களா. கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடை வராத இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

மதிப்பீட்டின் உயிர்நிலை வளர்ச்சி வரலாறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி (2013) அறிகுறிகள் வளர்ச்சியின் தொடக்கக் காலத்திலேயே இருந்திருக்க வேண்டும். ஆகவே முதல் அமர்வில் பெரும்பகுதி இளமைக்காலம் பற்றியே போகும். எப்போது பேசத் தொடங்கினார், பிற பிள்ளைகளுடன் சேர்ந்து விளையாடினாரா, உணவிலும் உடையிலும் பிடிவாதம் இருந்ததா, மிக்ஸி ஓசைக்குக் காதைப் பொத்திக்கொண்டாரா, ரயில் கால அட்டவணையையோ அணிகளின் ஓட்ட எண்ணிக்கையையோ மனப்பாடமாய் ஒப்பித்தாரா என்பன போன்ற கேள்விகள் வரும். இவற்றுக்கு விடை சொல்ல வேண்டியவர் அம்மா என்று முறை எதிர்பார்க்கிறது.

இங்குதான் ஏட்டில் உள்ள முறைக்கும் இந்தியக் குடும்பத்துக்கும் இடையிலான இடைவெளி பெரிதாகத் தெரிகிறது. பிள்ளையை வளர்த்தவர் பாட்டியாக இருந்திருப்பார். அவர் இன்று இல்லை. மூன்று பிள்ளைகளின் நடை, பேச்சு, பல் முளைத்த மாதங்கள் அம்மாவின் நினைவில் ஒன்றோடொன்று கலந்திருக்கும். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளைக்குக் குறை இருந்தது என்று ஒப்புக்கொள்வது தன் வளர்ப்பின்மீது வைக்கும் குற்றமாகவே பல பெற்றோருக்குப் படுகிறது. "எல்லாம் சரியாகத்தான் இருந்தான், கொஞ்சம் அமைதியான பிள்ளை" என்று அவர்கள் சொல்லும்போது பொய் சொல்வதில்லை. அமைதியான பிள்ளை என்பது இந்நாட்டில் புகழுரை. இன்னொரு தடையும் உண்டு. மதிப்பீட்டுக்கு வந்திருப்பது வீட்டுக்கே தெரியாமல் இருக்கலாம். அண்ணனுக்கு ஆட்டிசம் என்ற பேச்சு தங்கையின் திருமணத்தைப் பாதிக்கும் என்ற அச்சம் கற்பனையன்று.

பெற்றோர் வராவிட்டால் மதிப்பீடு இல்லை என்று சில நிலையங்கள் கைவிரிக்கின்றன. இது தவறு. குழந்தைப்பருவத் தகவல் கிடைக்காத வயதுவந்தவருக்கு, இப்போதைய நடத்தையில் அறிகுறிகள் பொருந்தி, சிறுவயதில் சமூகத் திறனும் தொடர்பாடல் திறனும் நன்றாக இருந்தன என்பதற்குச் சான்று இல்லாதிருந்தால், நோயறிதல் தரலாம் என்று அதே கையேட்டின் விளக்கப்பகுதி சொல்கிறது. சமூகத்தின் எதிர்பார்ப்பு ஒருவரின் திறனை மீறும்வரை அறிகுறிகள் முழுமையாகத் தெரியாமல் இருக்கலாம் என்றும், கற்றுக்கொண்ட உத்திகளால் அவை மறைந்திருக்கலாம் என்றும் அளவுகோலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எனவே மாற்றுச் சான்றுகளைத் தேடிக்கொண்டு போகலாம். தொடக்கப்பள்ளி மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் எழுதிய குறிப்பு, மூத்த அக்காவின் நினைவு, உறவினர் திருமணக் காணொளியில் ஒரு மூலையில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஆறு வயதுப் பிள்ளை: இவையெல்லாம் சான்றுகளே.

அடுத்து வருவது நேரடி நோக்கல். ஏ.டி.ஓ.எஸ்.-2 என்ற கருவியின் நான்காம் பகுதி சரளமாகப் பேசும் வளரிளம் பருவத்தினருக்கும் வயதுவந்தோருக்கும் உரியது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். சொற்களே இல்லாத படப்புத்தகத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்வார்கள். பல் துலக்குவது எப்படி என்று செய்து காட்டச் சொல்லலாம். நண்பர் என்றால் யார், தனிமை என்றால் என்ன, மக்கள் ஏன் மணம் செய்துகொள்கிறார்கள் என்று கேட்பார்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவருக்கு இவை சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், அவமதிப்பாகவும் படலாம். அங்கே கவனிக்கப்படுவது விடையின் சரி தவறு அன்று. சொல்லும் முறை, முகக்குறிப்பு, கை அசைவு, எதிரில் இருப்பவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு உரையாடலைத் தொடரும் விதம் ஆகியவையே. நேர்காணலுக்குப் போவதுபோல் தயாரித்துக்கொண்டு போய்ச் சிறப்பாக நடந்துகொள்வது தனக்குத் தானே செய்துகொள்ளும் தீங்கு. சோர்ந்தால் சோர்வு என்று சொல்லலாம், இடைவேளை கேட்கலாம், குழல்விளக்கு உறுத்தினால் அணைக்கக் கேட்கலாம்.

இக்கருவியில் பயிற்சி பெற்றவர்கள் நாட்டில் குறைவு. கருவியின் விலையும் அதிகம். இது இல்லாமலே தேர்ந்த மருத்துவர் விரிவான நேர்காணலின் அடிப்படையில் முடிவுக்கு வரலாம். அது குறைந்த தரம் ஆகாது. கவலைப்பட வேண்டியது மொழியைப் பற்றி. பெருநகர நிலையங்களில் மதிப்பீடு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. வீட்டில் ஒடியாவோ தமிழோ பேசி, பதினெட்டு வயதுக்குமேல் ஆங்கிலத்தில் பேசப் பழகிய ஒருவரின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பதற்கு ஆட்டிசம்தான் காரணமா, இரண்டாம் மொழியா? கண்ணைப் பார்த்துப் பேசாமையும் அப்படியே. பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவதை மரியாதையாகப் பழக்கும் வீடுகள் இந்நாட்டில் ஏராளம். பார்வையைத் தாழ்த்துபவரிடம், வயதில் இளைய நண்பரோடு பேசும்போதும் அப்படித்தானா என்று கேட்கத் தெரிந்தவரே நல்ல மதிப்பீட்டாளர்.

தமிழில் பேசுவோருக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஆட்டிசத்துக்கு வழங்கும் தமிழ்ச் சொற்களில் மதியிறுக்கம் என்பது மதியே இறுகிப்போனது என்ற பொருளைத் தந்துவிடுகிறது. முதுநிலைப் பட்டம் பெற்ற மகளைப் பற்றி இச்சொல்லைக் கேட்கும் தாய் அதை நம்ப மறுப்பதில் வியப்பில்லை. ஆட்டிசம் என்றே சொல்லிவிடுவது நேர்மையானது.

பின்னர் ஒரு வாக்கியம் வரும். "நீங்கள்தான் பி.எச்டி. படிக்கிறீர்களே, வேலை பார்க்கிறீர்களே, உங்களுக்கு எப்படி?" மருத்துவமனை அறைகளில் ஆய்வாளர்கள் கேட்கும் இந்தக் கேள்வி அறிவியலுக்கும் பொருந்தாது. அறிவுத்திறன் குறைவு ஆட்டிசத்தோடு வரலாம், வராமலும் இருக்கலாம். கையேடு இவற்றைத் தனித்தனியே குறிக்கச் சொல்கிறது. பட்டம் பெற்றார் என்பதைவிட, அதற்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதே கேட்க வேண்டியது. இரண்டு மணி நேரக் கருத்தரங்குக்குப்பின் இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வர முடியாதவரின் கதை சான்றிதழ்களில் தெரியாது. பெண்களுக்கு இந்த மறுப்பு கூடுதலாகக் கிடைக்கிறது. அடக்கம், தயக்கம், பிறரைப் பார்த்து அப்படியே நடந்துகொள்ளுதல் எல்லாம் பெண்பிள்ளையிடம் எதிர்பார்க்கப்படுபவை ஆதலால் அவை அறிகுறிகளாக எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

ஆனாலும் மருத்துவர் வேறு நிலைகளைப் பற்றிக் கேட்பதை மறுப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சமூகப் பதற்றம், எண்ணச் சுழற்சி நோய், சிறுவயது வன்முறையின் தழும்பு, கவனக்குறைவு மிகை இயக்கம் எனப்படும் ஏ.டி.எச்.டி. ஆகியவை மேலோட்டமாக ஒத்திருக்கும், உடனிருக்கவும் கூடும். 2013-க்கு முந்தைய கையேடு ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒருவருக்கு ஒருங்கே இருப்பதாகக் குறிக்க இடம் தரவில்லை. அக்காலத்தில் பயின்ற சிலர் இன்றும் ஏதேனும் ஒன்றுதான் என்று சொல்வதற்கு இதுவே காரணம். ஆட்டிசம் இல்லை என்ற முடிவும் வரலாம். அப்போது, கடந்த பல ஆண்டுகளின் துன்பத்துக்கு வேறு என்ன விளக்கம் என்பதை அறிக்கை சொல்ல வேண்டும். வெறும் "இல்லை" என்பது பாதி வேலை.

நோயறிதலும் மாற்றுத்திறன் சான்றிதழும் ஒன்றல்ல என்பதைப் பலர் தாமதமாகவே அறிகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசம் ஒன்று. ஆனால் இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 விழுக்காடு எனும் வரம்பு உண்டு. அதைக் கணக்கிட ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல் வழக்கத்தில் இருக்கிறது. நாற்பது கூறுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. அதன் கூறுகளைப் படித்தாலே தெரியும், அது எந்த வயதினரை மனத்தில் கொண்டது என்று. இயல்பை மறைக்கக் கற்றுக்கொண்ட முப்பது வயது ஆய்வாளர் அதில் 65 பெறுவது எளிது. ஒரே மனிதருக்கு உளவியலாளர் ஆட்டிசம் உண்டு என்று எழுத, அரசு மருத்துவக் குழு இல்லை என்று திருப்பி அனுப்பும் நிலை இவ்வாறே உருவாகிறது.

பல்கலைக்கழகங்கள் இந்த வரம்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகள் தரும் இரண்டு ஆண்டுக் கூடுதல் காலம் மாற்றுத்திறனாளிகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கே. ஆனால் அதே 2016 சட்டம் பேசும் நியாயமான இணக்க ஏற்பாடு என்ற உரிமைக்கு அந்த வரம்பு இல்லை. விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: தேர்வெழுத உதவியாளர் கேட்பதற்கு 40 விழுக்காடு முன்நிபந்தனை ஆகாது. அந்த வழக்கைத் தொடுத்தவருக்கு எழுத்தாளர் வலிப்பு எனப்படும் கைநோய் இருந்தது, ஆட்டிசம் அன்று. ஆனால் வாதம் பொருந்தும்.

ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் கேட்பவையோ பெரும்பாலும் செலவில்லாதவை. வாய்மொழியாகச் சொன்ன திருத்தங்களை நெறியாளர் மின்னஞ்சலிலும் எழுதுவது, வாய்மொழித் தேர்வின் நடைமுறையை முன்கூட்டியே தெரிவிப்பது, கேள்வியைக் கேட்டபின் சில நிமிடம் யோசிக்க விடுவது, ஆய்வகத்தில் காதடைப்பான் அணிய ஒப்புவது. எல்லோரும் கேட்கத் தொடங்கிவிடுவார்களே என்பது துறைத்தலைவர்களின் வழக்கமான மறுமொழி. எழுத்தில் திருத்தம் எல்லா மாணவருக்கும் கிடைத்துவிட்டால் யாருக்கு என்ன நட்டம் என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை. இவற்றுக்குச் சான்றிதழ் கேட்பது, குடிக்கத் தண்ணீர் தருவதற்குக் குடும்ப அட்டை கேட்பதற்கு ஒப்பானது.

மதிப்பீட்டின் முடிவில் மருந்து எழுதித் தரப்பட்டால் அது எதற்கென்று கேட்க வேண்டும். ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளுக்கு மருந்து இல்லை. உடனிருக்கும் பதற்றத்துக்கோ தூக்கமின்மைக்கோ இருக்கலாம். அறிக்கையில் எந்தக் கருவிகள் பயன்பட்டன, யார் தகவல் தந்தார், எந்த அளவுகோலின்படி முடிவு, பரிந்துரைகள் என்ன என்பவை இருக்க வேண்டும்; மருத்துவரின் பதிவு எண்ணும் கையொப்பமும் இருக்க வேண்டும். துறைக்குக் கொடுக்க முழு அறிக்கை தேவையில்லை. குழந்தைப்பருவமும் குடும்பமும் பற்றிய பக்கங்களை நெறியாளர் படிக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. தேவைப்படும் ஏற்பாடுகளை மட்டும் குறிக்கும் ஒரு பக்கக் கடிதத்தைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். அறிக்கை பெறும் நாளிலேயே கேட்டுவிட்டால் இன்னொரு கட்டணம் மிச்சம்.

முதல் அமர்வுக்குப் போகும்போது வாயால் சொல்ல வராதவற்றை இரண்டு பக்கத்தில் எழுதி எடுத்துப்போவதும் நல்லது. எந்த மொழியில் எழுத வருகிறதோ அந்த மொழியில்.