பார்பெஸ்யூவும் தென்னமரமும்

போன வாரம் பெஸ்தாரி ஜெயாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். (பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் என் வாயில் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்.) பக்கத்து மேசையில் இருந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அங்கிள், செம்பனைத் தோட்டத்துக்குப் போய் தென்னமரம்னு பேரு இருக்கே, இங்க செம்பனைய நட்டது யாரு?"

நல்ல கேள்வி. தோட்டத்தின் பெயர் தமிழ். மரம் மேற்கு ஆப்பிரிக்காவினது. நட வைத்தவரோ பிரெஞ்சுக்காரர். இந்த நாட்டில் வாணிப நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது 1917இல், நம் தென்னமரம் தோட்டத்தில்தான். அதைத் தொடங்கியவர் ஹென்றி ஃபொக்கோனியே. அவருடைய ஊர் பார்பெஸ்யூ.

வாசகர்களில் பலர் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டீர்கள். பிரான்சின் தென்மேற்கில், சாராந்த் மாவட்டத்தில், போர்தோ நகருக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் சிற்றூர் அது. 15ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று உண்டு. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அந்தத் திராட்சையில் வடிப்பதுதான் கோன்யாக் பிராந்தி. நம் கல்யாண வீடுகளில் கார் பூட்டுக்குள் ஒளித்து வைக்கிறார்களே, அதே சரக்கு. 1973இல் பக்கத்துக் கிராமத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்படியும் மக்கள்தொகை இன்று ஐயாயிரத்துக்கும் குறைவு. நம் கணக்கில் இரண்டு மூன்று தாமான்கள்.

1870களில் வேர்ப்பேன் போன்ற ஒரு பூச்சி அந்த வட்டாரத்துத் திராட்சைக் கொடிகளைத் தின்று தீர்த்தது. கொடியை நம்பியிருந்த குடும்பங்கள் ஆடிப்போயின. ஃபொக்கோனியே பிறந்தது 1879இல், அந்தச் சரிவுக் காலத்தில். பிராந்தி வியாபாரம் செய்த குடும்பம். தந்தை இறந்த பிறகு கை சுருங்கியது. 1905இல் பிழைப்புத் தேடிக் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்.

நம் பாட்டன்மார் கப்பலேறியதும் அதே காலத்தில்தான், அதே காரணத்துக்குத்தான். ஆனால் இறங்கிய பிறகு வழி வேறு. அவருக்குச் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பக்கம் ரந்தாவ் பஞ்சாங்கில் நிலம் கிடைத்தது. நம்மவர்களுக்கு அந்தக் காட்டை வெட்டும் வேலை கிடைத்தது.

1910இல் ரப்பர் விலை எகிறியது, அவர் நிமிர்ந்தார். தம்பியும் ஊர் நண்பர்களும் பார்பெஸ்யூவிலிருந்து வந்து சேர்ந்தார்கள். சுமத்ராவிலிருந்து செம்பனை விதை வந்தது. பிறகு அவர் எழுதிய மலாயா நாவலுக்கு 1930இல் பிரான்சின் பெரிய பரிசான கோன்கூர் கிடைத்தது. அவருடைய தங்கை ஜென்வியெவும் நாவலாசிரியர். 1933இல் ஃபெமினா பரிசு பெற்றார். ழாக் ஷார்தோன் என்ற இன்னோர் எழுத்தாளர் 1938இல் பார்பெஸ்யூவின் பெயரையே தலைப்பில் வைத்து ஒரு நூல் எழுதினார். ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு இத்தனை எழுத்து!

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அதை மறைப்பானேன்.

பிரான்சில் 1792 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் ஊராட்சியே பதிவேட்டில் எழுதி வைக்கிறது. பார்பெஸ்யூக்காரர் ஒருவர் நினைத்தால் பாட்டனுக்குப் பாட்டன் பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம். நம் தோட்டத்திலும் தினமும் கணக்கெடுத்தார்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வைத்துக் கிராணி பெயர் கூப்பிடுவார். அது செக்ரோலுக்கு, அன்றைய சம்பளத்துக்கு. யார் மகன், எந்த ஊர், யாரைக் கட்டினார் என்பதெல்லாம் அதில் வராது. தோட்டம் கைமாறியபோது அந்தப் புத்தகங்கள் போன இடம் யாருக்கு அக்கறை?

என் அம்மா புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். ஆள் குறைந்தது. லயங்களை இடித்தார்கள். கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்குக் கிள்ளானிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், ஆனால் எந்த வீடு எங்கே இருந்தது என்று காட்ட ஆள் இல்லை.

கடையிலிருந்து வீடு திரும்பிய அன்றிரவு, அம்மாவின் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டோடு உட்கார்ந்தேன். வயது 84. "மூணாவது லயத்துல முதல் வீடு யாரும்மா?" என்றேன். சற்றும் யோசிக்காமல் சொன்னார். புருஷன் பெயர், பெண்டாட்டி பெயர், எத்தனை பிள்ளை, எது காய்ச்சலில் போனது, எல்லாம். ஏழாவது வீடு வரை வந்தது. எட்டாவது வீட்டில் தடுக்கினார். சேலத்துக்காரி, நல்லா பாடுவா, பேருதான் வரமாட்டேங்குது என்றார்.

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். நடு இரவில் குரல் கேட்டது: "ஐயா, தூங்கிட்டியா? பேரு வந்துருச்சு, எழுதிக்கோ."