பிள்ளையின் பத்திரத்தைப் படிப்பவர் யார்?

நம்மவருள் குடியுரிமை இல்லாதார் நிலையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், மேடையில் அமர்ந்திருப்போர் வாயினின்று முதலில் வெளிப்படும் சொல் ‘அறியாமை’ என்பதாகும். தோட்டத்துத் தமிழன் படிக்கவில்லை; பத்திரத்தின் அருமை அவனுக்குத் தெரியவில்லை; பெற்ற பிள்ளையை உரிய காலத்தில் பதியவில்லை; ஆகவே துன்புறுகின்றான் என்பர். கேட்போரும் தலையசைப்பர். பின்னர் மாலை மரியாதை, நன்றியுரை, தேநீர். அத்துடன் அவ்வாண்டுக்குரிய கவலை தீர்ந்தது.

இக்கூற்றை நான் ஏற்பதற்கில்லை. தோட்டத்தில் அறியாமை இருந்தது உண்மை, மறுப்பாரில்லை. ஆயினும் அது லயத்து வீடுகளில் மட்டுமே குடியிருந்ததாகக் கூறுவது பொய். பட்டம் பெற்ற நம்மிடத்தும், தமிழ்ப்பள்ளி அலுவலறையிலும், கோயில் நிருவாகத்தினர் கூடும் மண்டபத்திலும் அது வசதியாகவே வாழ்ந்து வருகின்றது. பழியை மட்டும் பால்மரம் வெட்டியவன் தலையில் ஏற்றிவிட்டோம்.

சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் அமைந்தது அம்பாங்கான். ஒரு காலத்தில் இவ்வட்டாரத்தைச் சூழ்ந்திருந்த தோட்டங்களுள் பல, வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. தோட்டம் இருந்தவரை அங்கே ஒரு கிராணியார் இருந்தார். பிறப்பும் இறப்பும் அவர் மேசையைத் தொட்டுவிட்டே வெளியுலகம் சென்றன. அவர் நல்லவராயின் பிள்ளையின் பெயர் ஒழுங்காகப் பதிவாயிற்று. சோம்பேறியாயின் ஒரே குடும்பத்தில் தந்தையின் பெயர் மூன்று பத்திரங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டது. ‘முனியாண்டி’ என்பவர் ஒரு தாளில் ‘முனியன்’ ஆனார். மற்றொன்றில் ‘முனுசாமி’ ஆனார். எழுதியவர் ஓய்வு பெற்றுச் சென்றார். எழுதப்பட்டவனின் பேரன் இன்று அந்த மூவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்துகொண்டு திரிகின்றான். இதில் அறியாமை யாருடையது என்று வினவுகின்றேன்.

வரலாற்றையும் சிறிது நோக்குவோம். 1948ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம் குடியுரிமைக்கு விதித்த கட்டுப்பாடுகள், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளியை வாயிலிலேயே நிறுத்தின. 1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றபோது கதவு சற்று அகலத் திறந்தது. அன்று முதல் இம்மண்ணில் பிறந்தோர் பிறப்பினாலேயே குடிமக்களாயினர். முன்னரே இங்குப் பிறந்திருந்தோர் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழி அறிவுக்கான நிபந்தனையிலிருந்து விலக்கும் இருந்தது. அந்த ஓராண்டைப் பயன்படுத்திக்கொண்டோர் நீல அடையாள அட்டை பெற்றனர். தவறவிட்டோர் கையில் சிவப்பு அட்டை தங்கிற்று. 1962இல் நிறைவேறிய திருத்தம் மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது என்றது; பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்று ஆயிற்று.

பின்னர் 1969 வந்தது. முந்திய ஆண்டு இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும் என்னும் நிலை ஏற்பட்டது. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் நாட்டை விட்டுச் சென்றனர் என்பது ஆய்வாளர் கணக்கு. அவர்களுள் குடியுரிமைக்குத் தகுதி உடையவராயிருந்தும் விண்ணப்பியாதிருந்தோர் பலர். இங்கே பிறந்து, இங்கேயே மணம் முடித்து, தாம் கண்டிராத ஊருக்குக் கப்பலேறியோரும் அவர்களுள் உண்டு. எஞ்சியோருள் சிலர் சிவப்பு அட்டையுடனேயே முதுமை எய்தினர். 2018 ஆகஸ்டில், 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டைக்காரர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. நற்செய்தியே. ஆனால் நாட்டுக்கு 61 வயது நிரம்பிய ஆண்டு அது.

இவையெல்லாம் பழங்கதை, தீர்ந்த சிக்கல் என்று கருதுவோர்க்காகவே மேலும் எழுதுகின்றேன். இன்றைய சிக்கலின் வேர் வேறோர் இடத்தில் உள்ளது. அது திருமணப் பந்தல்.

1976ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டச் சீர்திருத்த (திருமண, மணமுறிவு)ச் சட்டம், 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் வழக்கப்படி நடந்தேறிய திருமணம் செல்லும். அதற்குப் பின்னர் முஸ்லிமல்லாதார் செய்துகொள்ளும் திருமணம், பதிவாளர் முன்னிலையிலோ துணைப் பதிவாளராக நியமனம் பெற்றவர் முன்னிலையிலோ நடைபெற்றாலன்றிச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோயிலில் ஊரறியத் தாலி கட்டினாலும், ஆயிரம் பேர் உண்டு வாழ்த்தினாலும், அப்பதிவு இல்லையேல் பிறக்கும் பிள்ளை திருமணத்திற்குப் புறம்பே பிறந்ததாகக் கொள்ளப்படும். அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பகுதி, 17ஆம் பிரிவு கூறுவது யாது? அத்தகைய பிள்ளையைப் பொறுத்தவரை ‘தந்தை’ என்றும் ‘பெற்றோர்’ என்றும் வரும் சொற்களுக்குத் ‘தாய்’ என்றே பொருள் கொள்ளவேண்டும் என்பதே.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். தந்தை நீல அட்டை உடையவன். அவன் தந்தையும் பாட்டனும் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் உழைத்தவர்கள். அவன் மணந்தவள் பிறப்புப் பத்திரமே இல்லாத ஒரு தோட்டத்துப் பெண். அல்லது வேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண். அல்லது தமிழ்நாட்டிலிருந்து உறவுமுறையில் வந்தவள். மணம் கோயிலில் நடந்தது, பதிவு இல்லை. ஈராண்டு கழித்துச் சிரம்பான் மருத்துவமனையில் பெண் குழந்தை பிறக்கின்றது. தந்தை தன் பெயரைப் பத்திரத்தில் எழுதச் செய்கின்றான். பெயர் எழுதப்பட்டதால் உரிமையும் வந்துவிட்டது என்று நம்புகின்றான். ஆனால் அப்பத்திரத்தில் குடியுரிமைத் தகுதி என்னும் இடத்தில் ‘குடிமகன் அல்லர்’ என்று அச்சிடப்பட்டிருக்கும். அவன் கண்ணுக்கு மகள் பெயர் தெரிகின்றது. தன் பெயர் தெரிகின்றது. அந்த ஒரு வரி தெரிவதில்லை. தாய்க்கும் வழி அடைபட்டது. குடிமகனின் மனைவி 15ஆம் விதியின்படி பதிவு வாயிலாகக் குடியுரிமை கோரலாம். மணமே சட்டத்திற்குத் தெரியாதபோது அவள் எவருடைய மனைவி என்று காட்டுவாள்?

‘பின்னர் மணத்தைப் பதிந்துகொண்டால் சரியாகிவிடுமே’ என்று கூறுவாருளர். 1961ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பெற்றோர் பின்னர் முறைப்படி மணந்தால் பிள்ளைக்குச் சட்டப்படியான பிறப்புத் தகுதியை வழங்குவது மெய்யே. சொத்துக்கும் பிறவற்றுக்கும் அது பயன்படும். குடியுரிமைக்கு? 2021 மே மாதத்தில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் நால்வருக்கு மூவர் என்னும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தவன், தந்தை மலேசியர், பெற்றோர் மணந்தது பிறப்புக்குப் பின்னர். பிறந்த கணத்தில் இருந்த நிலையே கணக்கில் கொள்ளப்படும் என்று பெரும்பான்மையினர் கூறினர். தலைமை நீதிபதி தெங்கு மைமூன் அதனை மறுத்துத் தனித் தீர்ப்பு எழுதினார். உயர்ந்த மன்றத்தின் நீதிபதிகளே நால்வரும் மூவருமாகப் பிரிந்து நின்ற ஒரு நுட்பத்தைத் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன் அறிந்திருக்கவில்லை என்று நாம் மேடையில் வருந்துகின்றோம்!

சட்டத்தைச் சாடுவது எனக்கு எளிது. தாய் தந்தையர் பந்தலில் செய்த பிழைக்குத் தொட்டிலில் கிடப்பதைத் தண்டிக்கும் சட்டம் திருத்தப்படல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்காகக் குரல் கொடுப்போரை வணங்குகின்றேன். ஆனால் அக்குரல் வெற்றி பெறும் நாள்வரை காத்திருக்க இயலாதவை பிள்ளையின் வயதாண்டுகள். ஆசிரியப் பெருமக்களே, இங்குதான் உங்களிடம் வருகின்றேன்.

பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தைப் பெற்றோருக்கு அடுத்தபடி கையில் வாங்கும் தமிழர் யார்? முதலாம் ஆண்டில் சேர்க்கும்போது தமிழ்ப்பள்ளி வாங்குகின்றது. பெயரும் பிறந்த நாளும் ஏட்டில் எழுதப்பட்டபின், பத்திரத்தின் நகல் கோப்பினுள் சென்றுவிடுகின்றது. பிள்ளைக்கு அப்போது வயது 7. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் அகவை 12. அந்நாளில்தான் வகுப்புத் தோழர் அனைவர்க்கும் அட்டை கிடைக்க, ஒரு பிள்ளை மட்டும் வெறுங்கையுடன் திரும்புகின்றது. அன்றுதான் பெற்றோர் திகைக்கின்றனர். நடுவே கழிந்த ஐந்து ஆண்டுகளும் அந்த ஒரு வரி பள்ளியின் கோப்பிலேயே இருந்தது.

அரசமைப்புச் சட்டத்தின் 15அ விதி, சிறப்புச் சூழ்நிலையில் 21 வயதுக்குட்பட்ட எவரையும் குடிமகனாகப் பதிய அரசுக்கு அதிகாரம் தருகின்றது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு எஞ்சியிருக்கும் வழி அதுவே. விண்ணப்பத்திற்கு விடை வர ஆண்டுகள் ஆகும். காரணம் கூறாமலே மறுப்பு வருதலும் உண்டு. மீண்டும் விண்ணப்பித்தல் வேண்டும். ஏழு வயதில் தொடங்கினால் கையில் 14 ஆண்டுகள். பன்னிரண்டில் தொடங்கினால் 9. இப்போது அக்கணக்கும் மாறுகின்றது. 2024 அக்டோபர் 17இல் மக்களவை ஏற்றுக்கொண்ட திருத்தம், 21 என்பதை 18 ஆக்குகின்றது. அப்படியாயின் ஏழு வயதில் தொடங்குவோர்க்கு 11 ஆண்டுகள். பன்னிரண்டில் விழித்துக்கொள்வோர்க்கு ஆறே ஆண்டுகள்.

அத்திருத்தம் வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்க்கு நீண்டநாள் மறுக்கப்பட்ட உரிமையை வழங்கிற்று. நாளேடுகள் அதனைப் போற்றின, போற்றத் தக்கதே. அதே திருத்தத்தின் மற்றொரு பகுதியை நம்மவர் போதிய அளவு படிக்கவில்லை. நிரந்தரவாசிகளுக்கு இந்நாட்டில் பிறக்கும் பிள்ளை சட்டத்தின் செயலாலேயே குடிமகன் ஆகும் என்றிருந்த விதியிலிருந்து ‘நிரந்தரவாசி’ என்னும் சொல் நீக்கப்படுகின்றது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தபின் பிறப்போரையே இது தொடும். ஆயினும் சிவப்பு அட்டையை ‘எப்படியோ பிள்ளைகளுக்கு நீலம் கிடைத்துவிட்டது, எனக்கென்ன’ என்று பெட்டியில் வைத்திருக்கும் இளந்தாய் ஒருத்திக்கு இனி அவ்வாறு இருத்தல் இயலாது. அவளிடம் இதனை யார் கூறப்போகின்றார்?

‘பாடம் நடத்துவதே எம் பணி, பத்திரம் பார்ப்பது பதிவிலாகாவின் பணி’ என்று சில ஆசிரியர் கூறக் கேட்டுள்ளேன். அவர்களிடம் ஒன்று கேட்பேன். நீங்கள் எழுத்துப் பிழை திருத்துகின்றீர்கள். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் கற்பிக்கின்றீர்கள். அப்பிள்ளையின் தந்தை பெயர் தந்தையின் அட்டையில் ஒரு விதமாகவும் பிள்ளையின் பத்திரத்தில் வேறு விதமாகவும் இருப்பதைக் காணும்போது உங்கள் சிவப்பு மை ஏன் வறண்டுவிடுகின்றது? தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் தொகை குறைகின்றது என்று நாம் ஓயாது வருந்துகின்றோம். பத்திரம் இல்லாமையால் சேர்க்கவே தயங்கிப் பெற்றோர் வீட்டில் நிறுத்திக்கொண்ட பிள்ளைகளை அத்தொகையில் யாரேனும் கூட்டிப் பார்த்ததுண்டா? பெற்றோருள் ஒருவர் குடிமகனாயின் ஆவணமில்லாப் பிள்ளையையும் அரசுப்பள்ளியில் சேர்க்கலாம் என்னும் தளர்வு 2019இல் விரிவாக்கப்பட்டது. அதனை அறியாத பெற்றோர் தோட்டத்திலும் அடுக்குமாடியிலும் இன்றும் உள்ளனர்.

கோயில் நிருவாகத்தினரையும் விடுவதற்கில்லை. சமயப் பெரியோரையும் கோயில் அலுவலரையும் துணைத் திருமணப் பதிவாளராக நியமிக்கச் சட்டமே இடமளிக்கின்றது. நாட்டின் சில கோயில்களில் அத்தகையோர் உள்ளனர். மணமும் பதிவும் ஒரே நாளில் ஒரே இடத்தில் முடிகின்றன. மற்றைய கோயில்களில் மண்டப வாடகைச் சீட்டு உண்டு, மின்கட்டணக் கணக்கு உண்டு, பந்தல்காரருக்கு முன்பணம் உண்டு. ‘பதிவு செய்துவிட்டீர்களா’ என்னும் ஒரு கேள்வி இல்லை. பதிவுச் சான்றிதழைக் காட்டினாலன்றி மண்டபம் இல்லை என்று ஒரு வட்டாரத்துக் கோயில்கள் கூடி முடிவு செய்தால், பத்தாண்டில் எத்தனை பிள்ளைகள் இத்துன்பத்திலிருந்து தப்புவர்!

எண்ணிக்கையைப் பற்றிய பூசல் ஒன்றும் நம்மிடையே உண்டு. 2013 பொதுத்தேர்தல் காலத்தில் 3 இலட்சம் என்னும் எண் மேடைகளில் முழங்கிற்று. அரசுத் தரப்பு அதனை மறுத்தது. மூன்று இலட்சமா, முப்பதாயிரமா என்று சொற்போர் நடத்தியோர் தேர்தலுக்குப் பின் ஓய்ந்தனர். எனக்கு அவ்வெண்ணில் ஆர்வமில்லை. உங்கள் வகுப்பில் உள்ள எண் எத்தனை என்பதே என் கேள்வி.

மாணவர்க்கும் ஒரு சொல். ஆசிரியர் பயிற்சிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் செல்லும் நீங்கள் இடைச்சங்கம் கடைச்சங்கம் கற்பீர்கள், கற்க. விடுமுறையில் ஊர் திரும்பும்போது, உங்கள் லயத்திலோ அடுக்குமாடியிலோ உள்ள பாட்டியின் அட்டை என்ன நிறம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மலாய்மொழியில் உள்ள படிவத்தை நிரப்பத் தெரியாமையால் மட்டுமே நின்றுபோன விண்ணப்பங்களும் உண்டு. உங்களுக்கு அம்மொழி கைவந்தது.

ஆகவே வரும் கல்வியாண்டின் முதலாம் ஆண்டுப் பதிவுநாளில், மேசையில் அமரும் ஆசிரியர் பிள்ளையின் பெயரையும் பிறந்த நாளையும் எழுதியபின் பத்திரத்தைக் கோப்பினுள் வைத்துவிடாமல், குடியுரிமைத் தகுதி என்னும் வரியைப் படிக்கட்டும். தாயின் அட்டை எண் எழுதப்பட்டிருக்கின்றதா, அவ்விடம் வெறுமையாக உள்ளதா என்று நோக்கட்டும். தந்தையின் பெயர் அவர் அட்டையில் உள்ளவாறே எழுத்துக்கெழுத்து அமைந்துள்ளதா என்று ஒப்பிடட்டும். திருமணச் சான்றிதழ் உண்டா என்று, பிறர் செவிப்படாதவாறு, தாயிடம் கேட்கட்டும். இல்லையென்று அவள் தலைகுனிந்தால், மறுநாள் காலை பதிவிலாகாவுக்கு அவளுடன் செல்ல ஒருவரை அன்றைக்கே ஏற்பாடு செய்தல் வேண்டும். அவள் தனியே சென்றால் முதல் வினாவிலேயே அஞ்சித் திரும்பிவிடுவாள்.