காலையில கோயில், சாயங்காலம் கான்ஃபரன்ஸ் கால்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. லீவுக்கு பாளையங்கோட்டை வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில கோயில்ல (எங்க பக்கம் சர்ச்சையும் கோயில்னுதான் சொல்லுவோம்) பாடகர் குழுவுல நின்னு உருகி உருகிப் பாடியாச்சு. சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து போன், ரிலீஸ்ல ஏதோ சொதப்பல். மொட்டை மாடியில நின்னு அரை மணி நேரம் பேசிட்டுக் கீழ வந்தா, அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"ஏல, காலையில பாடுன அதே வாயா இது?"

நான் கெட்ட வார்த்தை ஒண்ணும் பேசலை மக்கா. டீமுக்குப் புதுசா வந்த பையன்கிட்ட, "இதைக்கூட டெஸ்ட் பண்ணாம அனுப்புவியா? நிஜமாவே இன்ஜினியரிங் படிச்சுட்டுதான் வந்தியா?"ன்னு கேட்டேன். அவ்வளவுதான். ஆனா அந்த "அவ்வளவுதான்" எங்கிருந்து வந்துச்சுன்னு ராத்திரி யோசிச்சா, பழைய கணக்கு ஒண்ணு கிடந்தது.

ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு ப்ராஜெக்ட். லீட் எடுத்த முடிவால ரிலீஸ் புட்டுக்கிச்சு. க்ளையண்ட் முன்னாடி அவர் கூசாம என் பேரைச் சொல்லிட்டார். நான் சண்டை எல்லாம் போடலை. அதுக்கப்புறம் அவருக்கு அனுப்புன எல்லா மெயிலும், "ஏற்கனவே கீழே உள்ள மெயிலில் தெரிவித்தபடி"ன்னுதான் ஆரம்பிக்கும். மறக்காம மேனேஜருக்கும் ஒரு காப்பி :-) இந்த மரியாதையான விஷம் ஐ.டி. மக்களுக்கு நல்லாவே தெரியும். 'நான் மன்னிச்சுட்டேன், மறக்கலை, அவ்வளவுதான்'னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இப்போ அந்தப் பாக்கியை ஒரு பாவமும் அறியாத பையன்கிட்ட வசூல் பண்ணியிருக்கேன்.

மத்தேயு 18-ல இயேசு சொல்ற கடன்காரன் கதை நிறைய பேருக்குத் தெரியும். ராஜாகிட்ட பத்தாயிரம் தாலந்து தள்ளுபடி வாங்கினவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவன் கழுத்தைப் பிடிக்கிறான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளிப்பணம் ஒண்ணு ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. அப்போ அவன் பட்ட கடன் 6 கோடி நாள் கூலி! அவனுக்கு வர வேண்டியது 100 நாள் கூலி. 6 லட்சத்துக்கு ஒண்ணு.

பிரசங்கத்துல இந்த வித்தியாசத்தைத்தான் அடிக்கடி சொல்லுவாங்க. எனக்கு வேற ஒண்ணு பட்டுச்சு. 100 நாள் கூலிங்கிறது சில்லறை இல்லையே, மூணு மாசச் சம்பளம்! அதாவது, "உனக்கு நடந்தது ஒண்ணுமில்ல, விட்டுத் தள்ளு"ன்னு இயேசு சொல்லலை. நஷ்டம் நிஜம்தான், ஆனாலும் கழுத்துல இருந்து கையை எடுன்னுதான் சொல்றார்.

இதுக்கு நம்ம நாட்டுலயே ஒரு சாட்சி இருக்கு. 1999 ஜனவரியில ஒடிசாவுல மனோகர்பூர் கிராமத்துல, வண்டிக்குள்ள தூங்கிக்கிட்டிருந்த கிரகாம் ஸ்டெயின்ஸையும், 10 வயசு பிலிப், 6 வயசு திமோத்தி ரெண்டு பசங்களையும் உயிரோட எரிச்சாங்க. மனைவி கிளாடிஸ், கொன்னவங்களை மன்னிச்சிட்டதாச் சொன்னாங்க. சொன்னதோட நிக்கலை. பாரிபடாவுல கணவர் பார்த்துக்கிட்டிருந்த தொழுநோயாளிகளை விட்டுட்டு ஓடாம, 2004 வரைக்கும் அங்கேயே இருந்தாங்க. 2005-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

அவங்க மன்னிச்சதால வழக்கு நின்னுடலை. 2003-ல முக்கியக் குற்றவாளிக்குத் தூக்கு, 2005-ல உயர் நீதிமன்றம் அதை ஆயுளாக் குறைச்சது, 2011-ல உச்ச நீதிமன்றம் அந்த ஆயுளை உறுதி செஞ்சது. சட்டம் அதோட வேலையைச் செஞ்சது, அவங்க அவங்களோட வேலையைச் செஞ்சாங்க. மன்னிச்சா தப்பு பண்ணவன் தப்பிச்சிடுவானேன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் என் பதில். அந்த லீட் மேல புகார் கொடுக்கணும்னா அன்னைக்கே நேரா கொடுத்திருக்கலாம். அது தப்பில்லை. ரெண்டு வருஷம் மெயில்ல குத்துனதுதான் தப்பு.

என்னைக் கேட்டா, மன்னிச்சோமா இல்லையாங்கிறது முழங்கால் போட்டு ஜெபம் பண்றப்போ தெரியாது. அவங்க பேரு பேச்சுல வர்றப்போ நம்ம குரல் எப்படி மாறுதுன்னு பார்த்தா தெரிஞ்சிடும். நாக்கைப் பத்தி யாக்கோபு ஒரு அதிகாரத்துல பாதியைச் செலவழிச்சது சும்மா இல்ல.

திங்கக்கிழமை அந்தப் பையனைக் கூப்பிட்டு, "நேத்து நான் பேசினது தப்புப்பா, மன்னிச்சுக்கோ"ன்னேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. அப்புறம், "பரவால்லண்ணா"ன்னான். அவனுக்கு அது எத்தனை நாள் கூலியோ, தெரியலை.

அந்த லீட்கிட்ட இன்னும் பேசலை. நம்பர் இருக்கு. இந்த வாரம் கூப்பிடணும். பரமண்டல ஜெபத்துல மன்னிப்பு கேக்குற வரி வர்றப்போ, ரெண்டு வாரமா என் குரல் கொஞ்சம் இறங்கிடுது.